பைக்கின் மீற்றரை மாற்றியதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 27. கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். 2017இல் பதிவான 150 சிசி இந்திய பைக் ஒன்றை லீசிங்கில் எடுத்து ஓடுகிறார். இன்னும் ஏழு தவணை பாக்கி. நாள் முழுக்க பைக் வெட்டவெளியில் நிற்பதால் மூன்று மாதமாக மீற்றரின் திரை கறுத்துப் போகிறதாம். விடிகாலையில் சாவியைத் திருப்பும்போது மட்டும் எண்கள் தெரிகின்றன. வெயில் ஏறியதும் எல்லாம் மறைந்துவிடுகின்றன. கடைசியாக அவர் கண்ணில் பட்டது 61,430 கிலோமீற்றர்.

அவர் எழுதியதன் சாரம் இது: "புது ஒரிஜினல் மீற்றர் வருவதற்கு இரண்டு மாதம் ஆகுமாம், விலையும் கையைக் கடிக்கிறது. உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு பாஸ் (மெக்கானிக்), வேறு மாடல் பைக்கில் கழற்றிய டிஜிட்டல் மீற்றரை மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் பூட்டித் தருகிறேன் என்கிறார். அதில் 18,230 காட்டுகிறது. 'தம்பிக்கு அதிர்ஷ்டம், விற்கும்போது நல்ல விலை போகும்' என்று சிரிக்கிறார். என் அலுவலக நண்பரின் அத்தான் வத்தளையில் இருக்கிறார். உணவு டெலிவரி செய்வதற்கு பைக் தேடுகிறார், என்னுடையதைக் கேட்டிருக்கிறார். 'நீயாகச் சொல்லாதே, கேட்டால் மட்டும் சொல்லு. உள்ளது உள்ளபடி விற்கிறேன் என்று எழுதி வாங்கிவிட்டால் போதும்' என்கிறார் மாமா. இன்னொரு நண்பரோ, மீற்றரை மாற்றினாலே பொலிஸ் பிடிக்கும், காப்புறுதியும் செல்லாது என்று பயமுறுத்துகிறார். ஐயா, யார் சொல்வது சரி?"

அன்புள்ள தம்பி,

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் நண்பர் தேவையில்லாமல் பயப்படுகிறார், மாமா பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறார். நானும் வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறவன். மீற்றர் இல்லாமல் ஓடுவதன் எரிச்சல் எனக்கும் தெரியும். அதனால் சட்டத்தோடு கூட, எனக்கு இருபது வருடமாகப் பழக்கமான ஒரு பாஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மீற்றரை மாற்றுவது குற்றமா?

இல்லை. உங்கள் சி.ஆர். புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, எடுத்துப் பாருங்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எஞ்சினின் கொள்ளளவு, நிறம் என்று இருக்கும். பைக் ஓடிய தூரம் அதில் இல்லை, மீற்றரின் விவரமும் இல்லை. எஞ்சினை மாற்றினாலோ நிறத்தை மாற்றினாலோ நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். பழுதான மீற்றருக்குப் பதிலாக வேலை செய்யும் மீற்றரைப் பூட்டுவது திருத்த வேலை. டயர் தேய்ந்தால் மாற்றுவது போலத்தான்.

சொல்லப்போனால், நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதுதான் எனக்குக் கவலை. மூன்று மாதமாக வேகம் தெரியாமல் ஓடுகிறீர்கள். வேகம் பார்க்கும் கருவியோடு நிற்கும் பொலிஸ் அதிகாரி மறித்தால், "சேர், மீற்றர் வேலை செய்யவில்லை" என்பது உங்களைக் காப்பாற்றாது. இன்னொரு குறையைத்தான் நீங்களாக ஒப்புக்கொண்டதாக ஆகும். ஆகவே மாற்றுங்கள், அல்லது திருத்துங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

பாஸ் பூட்டித் தரும் மீற்றரில் இருக்கும் 18,230ஐ 61,430க்கு ஏற்றி வைத்தால் அது மோசடியா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். உண்மையான எண்ணுக்குக் கொண்டுவருவதில் ஏமாற்று எதுவும் இல்லை. பில்லில் எழுதி வைத்துச் செய்தால் அதுதான் மிகவும் சுத்தமான வழி. சில மீற்றர்களில் அப்படி மாற்ற முடியும், சிலவற்றில் முடியாது. எண் மீற்றருக்குள் இருக்கும் சிறு நினைவுச் சில்லில் பதிந்திருக்கிறது. பைக் மாறினாலும் அந்த எண் மீற்றரோடேயே போகும். அதனால்தான் யாரோ ஓடிய 18,230 உங்கள் பைக்கில் வந்து உட்காரப் பார்க்கிறது.

"கேட்டால் சொல்லலாம்"

இனி மாமாவின் ஆலோசனைக்கு வருகிறேன். பெரியவர், உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனை உங்களை நேராக வழக்குக்குள் கொண்டுபோய் விடக்கூடியது.

வாய் திறந்து பொய் சொன்னால்தான் ஏமாற்று என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதல் என்றால் என்ன என்று சொல்கிறது. அந்தப் பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கமும் இருக்கிறது: நேர்மையற்ற எண்ணத்தோடு உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதல்தான். வாங்குபவர் கண் முன்னால் 18,230 என்று ஒளிர்கிறது. அது பிழை என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த எண்ணை நம்பித்தான் கூடுதல் விலை தருகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த நிலையில் வாயை மூடிக்கொண்டு காசை எண்ணி வாங்கினால், பேசாமல் இருந்ததே போதும்.

"உள்ளது உள்ளபடி" என்று எழுதி வாங்குவது பற்றி. பெயின்ட் உரிந்திருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது என்பது போன்ற, பார்த்தால் தெரியும் குறைகளுக்கு அந்த வரி கொஞ்சம் உதவும். தெரிந்தே மறைத்த ஒன்றுக்கு அது பாதுகாப்புத் தராது. மோசடியால் பெற்ற சம்மதத்தை வாங்கியவர் விலக்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கேட்கலாம். அத்தோடு, பொருட்களின் விற்பனையை ஆளும் எங்கள் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது அதில் உள்ளார்ந்த நிபந்தனை. "18,000தான் ஓடியது" என்று நீங்கள் ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பினால், அதையும் அந்த விவரமாகக் காட்டி வாதாடலாம்.

யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைக்கிறீர்களா? சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 31,000 காட்டிய பைக்கை வாங்கினார். ஒரு மாதம் கழித்துச் சங்கிலியை இறுக்குவதற்காக சீட்டைக் கழற்றி, ஸ்பானர்களைத் தேடியிருக்கிறார். சீட்டுக்கு அடியில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறிய ஸ்டிக்கர். ஒயில் மாற்றிய திகதியும், "அடுத்தது 72,500" என்று நீலப் பேனையால் எழுதிய எண்ணும். அந்தத் திகதி அவர் வாங்குவதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தியது. விற்றவருக்கு அந்த ஸ்டிக்கர் நினைவிலேயே இல்லை. காசைத் திருப்பிக் கொடுத்து மத்தியஸ்த சபையோடு விஷயம் முடிந்தது. ஆனால் விற்றவர் ஒரே தெருக்காரர். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

உங்கள் பைக்கை வாங்கப் போகிறவர் டெலிவரி ஓடப் போகிறார், தம்பி. ஒரு நாளைக்கு நூறு கிலோமீற்றர் ஓடினாலும் ஆச்சரியமில்லை. வால்வ் இடைவெளி பார்ப்பது, சங்கிலியும் பற்சக்கரமும் மாற்றுவது, முன் ஃபோர்க்கின் ஒயில், சக்கர பெயாரிங் எல்லாமே ஓடிய தூரத்தை வைத்துத்தான். 18,000 என்று நம்பி 61,000 ஓடிய பைக்கில் அவர் மழை இரவில் நீர்கொழும்பு வீதியில் போவார். எனக்கு 398ஆம் பிரிவை விட இதுதான் பெரிய விஷயம்.

எந்த மீற்றர்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் பழைய பைக்குகளையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். திரை கறுத்த மீற்றர் உங்கள் ஒருவருக்கு வந்த வியாதி இல்லை என்கிறார் என் பாஸ்.

அவர் முதலில் கேட்ட கேள்வியே வேறு. "காலையில் எண் தெரிகிறது என்றால் மீற்றர் சாகவில்லையே, ஏன் மாற்றுகிறார்?" என்றார். வெயிலில் சூடேறினால் எல்.சி.டி. திரை கறுக்கும், குளிர்ந்தால் தெளியும். பல தடவை சூடேறியதில் திரையோ அதன் மேல் ஒட்டியிருக்கும் ஒளிவடிகட்டித் தாளோ கெட்டிருக்கும். உள்ளே கணக்கு வைக்கும் பலகைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மீற்றர் திருத்தும் ஒருவரிடம் கொடுத்துத் திரையை மட்டும் மாற்றினால், 61,430 அப்படியே இருக்கும். விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே வராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் விசாரிப்பேன்.

அது சரிவராமல், வேறு மாடல் மீற்றர்தான் என்று முடிவானால், அதைப் பூட்டும் பாஸிடம் கீழே உள்ளவற்றைக் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள்.

வேகக் கணக்கு. உங்கள் பைக்கில் முன் சக்கரத்தில் உள்ள சென்சர், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது இத்தனை துடிப்பு என்று மீற்றருக்கு அனுப்புகிறது. மற்ற மாடலின் மீற்றர் ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்பை எதிர்பார்த்து, உங்கள் சென்சர் ஒன்றுதான் அனுப்பினால், 60இல் போகும்போது 15 என்று காட்டும். இது உடனே கண்ணில் படும். ஆபத்தானது சின்னப் பிழைதான். டயர் அளவு வித்தியாசத்தால் 50க்கு 44 காட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. பைக் தயாரிப்பாளர்கள் பல நாடுகளில் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதி, மீற்றர் உண்மை வேகத்தை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது. நல்ல அளவுகோல் அது. எல்லா பைக்குக்கும் பொருந்தும் என்று விற்கும் புது மீற்றர் என்றால் சக்கரத்தின் சுற்றளவை நீங்களே பதியலாம். டயரிலும் தரையிலும் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி ஒருவர் பைக்கை மெதுவாகத் தள்ளட்டும். கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையே அளந்தால் சரி. 90/90-17 டயருக்கு 1.86 மீற்றர் அளவில் வரும். அப்புறம் ஒரு ஞாயிறு விடியலில் மரைன் டிரைவில் சீராக 40இல் ஓட, பின்னால் உட்கார்ந்திருப்பவர் போனின் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்து ஒப்பிடட்டும். வேகம் பிழைத்தால் தூரமும் பிழைக்கும். இரண்டுக்கும் கணக்கு ஒரே துடிப்பிலிருந்துதான்.

பெற்றோல் முள்ளும் விளக்குகளும். தாங்கியில் உள்ள மிதவையின் மின்தடை மாடலுக்கு மாடல் மாறும். 100 ஓம், 510 ஓம் என்று தெரிவு தரும் மீற்றர்களும் உண்டு. பிழையாகப் போனால் தாங்கி காய்ந்திருக்கும்போது அரைவாசி என்று காட்டும். நியூட்ரல், ஹை பீம், சிக்னல் விளக்குகள் ஒவ்வொன்றும் எரிகிறதா என்று பாஸின் முன்னாலேயே பாருங்கள். உங்கள் பைக் கார்புரேட்டர் என்பதால் தப்பினீர்கள். எரிபொருள் உட்செலுத்தும் பைக்குகளிலும் ஏ.பி.எஸ். உள்ளவற்றிலும் எச்சரிக்கை விளக்கு இல்லாமல் போனால், கோளாறு வந்ததே தெரியாமல் ஓட வேண்டியிருக்கும்.

வயர். பைக்கின் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். இடையில் கப்ளர் (செருகிக் கழற்றும் இணைப்பி) போட்டு இணைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் சாவிக்குப் பின்னால், ஃபியூஸ் வழியாக வரட்டும். பழைய மீற்றரைப் பின்னர் திரும்பப் பூட்டவும் இதுதான் வழி வைக்கும்.

கழற்றிய மீற்றர் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் தலைமுறையாக நேர்மையாகக் கடை நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பில் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். பில் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள், களவுபோன பைக்கின் பாகமாக இருந்தால் விசாரணை உங்கள் வாசலுக்கும் வரும். பில் இருந்தால் இன்னொரு நன்மை: பூட்டிய மீற்றர் சொன்னபடி வேலை செய்யாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும்.

காப்புறுதியும் லீசிங்கும்

மீற்றர் மாறியதால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி செல்லாமல் போகாது. முழுக் காப்புறுதி என்றால் மட்டும், மாற்றியதை ஒரு கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ நிறுவனத்துக்கு அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். நாளைக்கு வயரில் தீப்பிடித்தால் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது புதிதாக எதைப் பூட்டியிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

லீசிங்தான் நீங்கள் கவனிக்காமல் விட்ட இடம். ஏழு தவணை முடியும் வரை அந்த பைக் சட்டப்படி முழுமையாக உங்களுடையது இல்லை, சி.ஆர். புத்தகத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பாகங்களை மாற்றுவதற்கு அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும், எடுத்துப் படியுங்கள். விற்பதானால் பாக்கியைக் கட்டி, நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தை வாங்கிய பிறகுதான் பெயர் மாற்ற முடியும். அதுவரை "ஓபன் பேப்பரில்", அதாவது வாங்குபவரின் பெயர் எழுதாத மாற்றப் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டு பைக்கைக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பைக்கை வாங்கியவர் யாரையாவது மோதிவிட்டால் பொலிஸ் தேடி வருவது பதிவில் உள்ள உங்களைத்தான்.

விற்கும்போது எழுத வேண்டியது

வேறு மீற்றரைப் பூட்டினால் இரண்டு எண்களும் பில்லில் வரட்டும். பாஸ் பில்லைச் சிங்களத்தில் எழுதித் தந்தாலும் பரவாயில்லை, எண்களும் திகதியும் கடையின் முத்திரையும் தெளிவாக இருக்கட்டும். கழற்றிய பழைய மீற்றரை எறியாமல் பைக்கோடு வாங்குபவரிடமே கொடுத்துவிடுங்கள். விற்பனைக் கடிதத்தில் இப்படி ஒரு பந்தி போதும்:

"இந்த மோட்டார் சைக்கிளின் மூல மீற்றர் 61,430 கிலோமீற்றரில் பழுதடைந்ததால், 18,230 காட்டிய வேறொரு மீற்றர் இன்ன திகதியில் பொருத்தப்பட்டது. உண்மையில் ஓடிய தூரத்தை அறிய மீற்றரில் உள்ள எண்ணுடன் 43,200ஐக் கூட்ட வேண்டும். இது வாங்குபவரான எனக்கு விளக்கப்பட்டது."

கீழே இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். "+43,200" என்று ஒரு ஸ்டிக்கரைச் சீட்டுக்கு அடியிலும் ஒட்டிவிடுங்கள். அவரிடமிருந்து வாங்கப் போகிறவருக்கும் அது உதவும். விலை கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் 61,000 ஓடிய பைக்குக்கு உரிய விலையைத்தான் வாங்குகிறீர்கள், உங்கள் பணம் எதுவும் போகவில்லை. வத்தளைக்காரரிடம் இதை நண்பர் வழியாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே நேரில் சொல்லுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

இதற்கெல்லாம் முதல் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் திரை இன்னும் எத்தனை காலைக்கு எண்ணைக் காட்டும் என்று தெரியாது. நீங்கள் எழுதி மூன்று கிழமை ஆகிவிட்டது, எண்ணும் கொஞ்சம் கூடியிருக்கும். நாளைக்கு விடிவதற்கு முன் எழும்பி, பைக்கை முற்றத்தில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். எண் தெரியும்போதே போனில் வீடியோ எடுங்கள். மீற்றரில் தொடங்கி, நிறுத்தாமல், நம்பர் பிளேட் வரை போங்கள். மேலே 61,430 என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் அந்த வீடியோவில் வரும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.